பூண்டு வாசம்

அவருக்குப் பெயர் இருந்தது. அதை நான் சொல்லப் போவதில்லை. இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பெயரை மறுபடியும் நாலு பேர் வாயில் உலவவிட எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். பாண்டியின் பெயரைச் சொல்வேன். அவன் பெண்சாதி பேச்சியின் பெயரைச் சொல்வேன். அவரைக் கொட்டகையில் எல்லாரும் நேரில் கெமிஸ்ட்டய்யா என்றோம், முதுகுக்குப் பின்னால் மூக்கையா என்றோம். மூக்கையா என்று எங்கள் பக்கத்தில் நிஜமாகவே பெயர் வைப்பார்கள் என்பதால், காதில் விழுந்தாலும் வேறு யாரையோ கூப்பிட்டதாகச் சொல்லித் தப்பிக்கலாம்.

மெலிந்த ஆள். டவுனில் கோயிலை ஒட்டிய வீதியிலிருந்து காளவாசலுக்கு சைக்கிளில் வருவார். வேட்டி சங்கிலியில் மாட்டாமல் இருக்க ஒரு பக்கம் தூக்கிச் செருகியிருப்பார். அந்த ஒடுங்கின முகத்துக்கு அவ்வளவு பெரிய மூக்கு கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் அந்த மூக்கை அவர் காப்பாற்றியதைப் போல ஒருத்தர் தன் கண்ணைக்கூடக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. பொடி போட மாட்டார். வெற்றிலை போட மாட்டார். வேலை முடிகிறவரை காப்பி குடிக்க மாட்டார், குடித்தால் மூக்கு மந்தமாகிவிடுமாம். சட்டைப் பையில் எப்போதும் வெளுத்த கைக்குட்டை ஒன்று நாலாக மடித்து இருக்கும்.

"மூக்கு பொய் சொல்லாதுடா" என்பார். எடுத்ததற்கெல்லாம் அதைச் சொல்வார். திராவக ஜாடி வந்து இறங்கினால், அடைப்பைத் திறந்து ஒரு தரம் மோந்துவிட்டு, நல்ல சரக்கா அழுக்குச் சரக்கா என்று சொல்லிவிடுவார். மில்லிலிருந்து மாதிரிக்குக் கொண்டுவரும் கஞ்சியை மோந்து, இது பூசணம் பிடிக்கப் போகிறது என்பார், நாலு நாளில் பிடித்திருக்கும். நான் அந்தக் கொட்டகையில் தச்சன். திராவகத்துக்கு இரும்புத் தொட்டி ஆகாது, அரித்துவிடும். மரத்தொட்டி செய்து உள்ளே தார்க்கீல் பூசுவது என் வேலை. ஒருநாள் புதுத் தொட்டிக்குள் தலையை விட்டவர், "இந்தப் பலகை இன்னும் காயலை. உன்னை எவனோ ஏமாத்திட்டான்" என்றார். மரக்கடையில் போய்ச் சண்டை போட்டேன். நிஜமாகவே ஏமாற்றித்தான் இருந்தார்கள். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த மரியாதையை நினைத்தால் இப்போது பத்திக்கொண்டு வருகிறது.

என்ன கொட்டகை, என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். யுத்தத்தின் நடுக்காலம். ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய், அரிசி வரத்து நின்று, வீட்டுக்கு வீடு கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த மருந்துச் சரக்கும் நின்றுபோனது. மில்லில் பாவுநூலுக்குப் போடும் கஞ்சி கெடாமல் இருக்க நாக உப்பு என்று துத்தநாகத்தில் எடுக்கிற ஒன்றைக் கலப்பார்கள். அது இல்லாவிட்டால் நெய்த துணி பூசணம் பூத்துவிடும். பட்டாளத்துக்குக் காக்கித் துணி பேல் பேலாகப் போய்க்கொண்டிருந்த நேரம், நாக உப்புக்கு எங்கே போவது?

எங்களுக்கு அடுத்தாற்போல் ஒரு எஃகுப் பட்டறை இருந்தது. ஓட்டை வாளி, பழைய கூரைத் தகடு, துருப்பிடித்த தொட்டி, எல்லாவற்றையும் உலையில் போட்டு உருக்கிப் பட்டாளத்துக்குச் சாமான் வார்த்தார்கள். அந்தத் தகட்டின் மேல் பூசியிருந்த துத்தநாகம் உலைச் சூட்டில் வெள்ளைப் புகையாய்க் கிளம்பி, புகைக்கூண்டுக்குள் சாம்பலாய்ப் படியும். பட்டறைக்காரர்களுக்கு அது குப்பை. கூடை கூடையாக வெளியே கொட்டி, மழை பெய்தால் சேறாக மிதிபட்டுக் கிடக்கும். அந்தக் குப்பையை வாங்கி, சலித்து, தொட்டியில் உப்புத் திராவகத்தில் போட்டுக் கிளறினால் நாகம் கரைந்து வந்துவிடும். கூடவே இரும்பும் கரையும். அதைச் சுண்ணாம்பும் பிளீச்சிங் என்கிற சலவைத்தூளும் போட்டுச் செந்நிறச் சேறாக அடியில் இறக்கி, தெளிவைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சி, பீப்பாயில் அடைத்து மில்லுக்கு அனுப்புவோம். இந்த வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர்தான். குப்பையிலிருந்து பண்டம் எடுக்கத் தெரிந்த மனிதர். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பாண்டி தொட்டிக்காரன். ஆள் உயரத்துக்கு ஒரு மரத்துடுப்பு, அதைப் பிடித்துக் காலையிலிருந்து மாலைவரை திராவகத்தைக் கிளறுவான். பேச்சி சாம்பல் சலிப்பாள். கொட்டாம்பட்டிப் பக்கத்து மானாவாரிப் பூமியை விட்டுவிட்டு, மழை பொய்த்த வருஷம் பிழைக்க வந்தவர்கள். சூளைக்குப் பக்கத்தில் நான் இருந்த வரிசையிலேயே ஒரு குடிசை. கல்யாணமாகி வெகுநாள் குழந்தை இல்லை. இரண்டு பேரும் என்னை அண்ணே என்பார்கள்.

அவர் ஒருதரம் எங்கள் உயிரைக் காப்பாற்றினார். நல்ல கோடை. அவர் தன் அறையில், கொட்டகையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று நாற்காலி விழுகிற சத்தம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "வெளியே போ! எல்லாரும் வெளியே போ!" சலவைத்தூள் பீப்பாயில் யாரோ கவனிக்காமல் திராவகம் சிந்தி, பச்சையாய்ப் புகை கிளம்ப ஆரம்பித்திருக்கிறது. பக்கத்தில் நின்ற எங்களுக்கு உறைக்கும் முன்னே அவருக்குத் தூரத்தில் மூக்கு சொல்லிவிட்டது. பேச்சி மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். அவரே உள்ளே புகுந்து அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். தொட்டுவிட்டோமே என்று அன்றைக்கு அவர் யோசிக்கவில்லை. பிறகு பல நாள் இருமிக்கொண்டே வேலைக்கு வந்தார்.

நாங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். "ஐயா மூக்கு இருக்கிற வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று பாண்டி போகிற வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நம்பினான், பாவி.

அதற்கப்புறம் திராவகம் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் கைவிரித்துவிட்டான். வேறு எங்கிருந்தோ மஞ்சளாய் ஒரு சரக்கு வந்தது. அவர் அடைப்பைத் திறந்து மோந்து முகத்தைச் சுளித்தார். "இது அழுக்குத் திராவகம். திருப்பி அனுப்புங்க" என்று முதலாளியிடம் சொன்னதை நான் கேட்டேன். "யுத்த காலத்துல இதுவாவது கிடைச்சுதேன்னு இருங்க" என்றார் முதலாளி. அவரும் இருந்தார். பட்டறைச் சாம்பலும் முன்போல் இல்லை. மாவு மாதிரி வந்தது போய், குருணை குருணையாக நாகக் கசடு கலந்து வர ஆரம்பித்தது. தொட்டியில் கொட்டினால் உலைநீர் மாதிரி கொதிக்கும்.

அந்த நாட்களில்தான் கொட்டகைக்குள் பூண்டு வாசம் வந்தது.

எங்களுக்கும் லேசாகத் தெரிந்தது. ஆனால் எங்கள் வீடுகளில் அது அன்றாட வாசம். குழம்பில் பூண்டு, துவையலில் பூண்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு. காற்றில் பூண்டு வாசம் வந்தால் யார் வீட்டிலோ அடுப்பு எரிகிறது என்று அர்த்தம், அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. அவருக்கு அப்படியில்லை. பூண்டும் வெங்காயமும் வாசல்படி ஏறாத வீடு அவருடையது. அவர் மூக்கு அதைக் காத தூரத்திலேயே பிடிக்கும். பிடித்தவுடன் அவருக்கு நாங்கள்தான் ஞாபகம் வருவோம்.

முதல் தடவை மத்தியான மணி அடிக்கும் முன் வந்தார். கைக்குட்டை மூக்கில் இருந்தது. வரிசையாய்த் தூக்குச்சட்டிகளைத் திறக்கச் சொன்னார். பேச்சியின் சட்டியில் கம்பங்கூழ், மேலே ஒரு உருண்டை துவையல்.

"பூண்டா?"

"ஆமாங்கய்யா. கூழுக்குத் தொட்டுக்க. ரெண்டு பல்லுதான் வச்சு அரைச்சேன்."

"ரெண்டு பல்லா? கொட்டகையே நாறுது. கொண்டுபோய்க் கொட்டு."

"துவையலை மட்டும் எடுத்துப் போட்டுர்றேங்கய்யா."

"கொட்டுன்னு சொன்னேன்."

அவள் சாம்பல் குவியலில் கூழோடு சேர்த்துக் கொட்டினாள். ஒரு கைப்பிடி தானியத்துக்கு ஊரே வரிசையில் நின்ற காலம். அன்று முழுக்கப் பட்டினியாய்ச் சலித்தாள். நான் உளியைப் போட்டுவிட்டு எழுந்தேன். பாண்டி என்னை அடக்கினான். "விடுங்கண்ணே. நம்மளக் காப்பாத்துன மனுசன். மூக்கு அப்படி, என்ன செய்வாரு?"

அதற்குப் பிறகு பேச்சி பூண்டே கொண்டுவரவில்லை. யாருமே கொண்டுவரவில்லை. புதுச் சரக்கு தொட்டியில் விழுகிற நாட்களில் வாசம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. உடனே அவர் ஒரு சட்டம் போட்டார். காலையில் வாசலில் எல்லாரும் குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு, அவர் முன்னால் வந்து ஊத வேண்டும். ஆம்பளை பொம்பளை எல்லாரும். அவர் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். நாங்கள் வாயைத் திறந்து ஊதிவிட்டு உள்ளே போக வேண்டும். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்ப்பதோடு விட்டுவிடுவார்கள்.

எங்களில் மூத்தவள் ராக்கம்மா. வடிகட்டுகிற துணி அலசுகிறவள், வாய்த்துடுக்குக்காரி. "கட்டுன புருசன்கூட என் வாயை இம்புட்டுக் கிட்டத்துல மோந்தது இல்லடி" என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். சிரித்தோம். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் யாரோ ஒருவர் கை நீட்டியிருப்பார். நானாகவே இருந்திருப்பேன்.

காலையில் ஒரு வாயிலும் பூண்டு இல்லை. மத்தியானம் கொட்டகையில் பூண்டு. இதை யோசிக்க எத்தனை படிப்பு வேண்டும்? அவர் யோசித்தார். யோசித்து, "மடியில மறைச்சு வெச்சுத் திங்கிறீங்க" என்று கண்டுபிடித்தார். அதற்கும் ஒரு தேடல் நடந்தது. பெண்பிள்ளைகள் முந்தானையை உதறிக் காட்டினார்கள்.

ஐப்பசி பிறந்தது. பாண்டியும் பேச்சியும் குழந்தை வேண்டிக் கந்தசஷ்டி விரதம் எடுத்தார்கள். சூரசம்ஹாரத்துக்குத் திருப்பரங்குன்றம் போய் முடிப்பதாக வேண்டுதல். ஒரு வேளை பாலும் பழமும். அதுவும் யுத்த காலத்துப் பால், வெள்ளைத் தண்ணீர். "உடம்பு தாங்காதுடா, தொட்டி வேலை" என்றேன். "முருகன் தாங்குவான்ணே. பிள்ளைக்கு அவன் பேரையே வைக்கிறேன்னு சொல்லியிருக்கேன்ல" என்றான்.

சம்ஹாரத்துக்கு முந்தின நாள் விடிந்ததிலிருந்து மழை. சாரல் அடிக்காமல் இருக்கக் கொட்டகையைச் சுற்றிச் சாக்குப் படுதாக்களை இறக்கிக் கட்டியிருந்தார்கள். சாம்பல் நனைந்துவிடும் என்று பெண்களை அன்று பட்டறைப் பக்கத்துச் சாய்ப்பில் உட்காரவைத்து விட்டார்கள். நான் வெளியே தாழ்வாரத்தில் இன்னொரு தொட்டிக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தேன். உள்ளே பாண்டி ஒருத்தன்தான். தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் குடையோடு வந்து படுதாவை விலக்கினார். விலக்கின கையோடு மூக்கு சுருங்கியது.

"இன்னைக்கு நீ ஒருத்தன்தான் உள்ளே இருக்கே. வேற யார் மேல போடுவே?"

பாண்டி சிரித்தான். "ஐயா, நான் சஷ்டி விரதம். இத்தனை நாளா பாலும் பழமும். இன்னைக்கு அதுவும் இல்ல, பச்சத்தண்ணிதான்."

"ஊது."

பாண்டி துடுப்பை ஒரு கையில் பிடித்தபடி குனிந்து ஊதினான். அவர் மோந்தார். சட்டென்று நின்றார். "இன்னொரு தரம்" என்றார். பாண்டி மறுபடி ஊதினான். பட்டினி கிடக்கிறவன் வாய் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்திருக்கும். அந்த மூக்கு பொய் சொல்லவில்லை, அது அவருக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஏனென்றால் நான் பார்த்தேன், படுதா இடுக்கு வழியாக என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அவர் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தார்.

பிறகு பாண்டியைப் பார்த்தார். அழுக்கு வேட்டி, வியர்வை, கூழ் குடிக்கிற வாய். அவருக்கு இது சுலபமாக இருந்தது.

"விரதம்னு சொல்லிட்டுப் பூண்டு திங்கிறியே, சாமிக்குப் பொறுக்குமாடா? இன்னைக்கு வேலை முடியற வரைக்கும் தொட்டியை விட்டு நகரக் கூடாது. வெளியே போனாத்தானே திம்பே?" கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் மேல் இருந்த அருவருப்புதான் அவரை அந்தக் கொட்டகைக்குள் அதிக நேரம் நிற்கவிடாமல் காப்பாற்றியது.

நான் படுதாவைத் தூக்கி, "வாடா வெளியே, அவரு கிடக்கிறாரு" என்றேன்.

"இல்லண்ணே." அவன் கண் கலங்கியிருந்தது. அவனை யாரும் அடித்தால்கூட அப்படிக் கலங்கமாட்டான். "விரதத்துல தின்னேன்னு சொல்லிட்டாரு பாத்தீங்களா? நான் இங்கேயே நிக்கிறேன். சாயங்காலம் வந்து பாக்கட்டும். எங்கேயும் போகலை, ஒண்ணும் திங்கலை. அப்பவும் வாசம் இருந்துச்சுன்னா, நான் இல்லைன்னு அவருக்கே தெரிஞ்சுபோகும்ல?"

நின்றான். தன் மேல் பூண்டு இல்லை என்று நிரூபிக்க, அந்த வாசத்திலேயே சாயங்காலம் வரை நின்றான். அவர் திரும்பி வந்து பார்க்கவில்லை. மழை வலுக்கிறது என்று சீக்கிரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

மணி அடித்தபோது பாண்டியால் துடுப்பைச் சாய்த்து வைக்க முடியவில்லை. தலை வலிக்கிறது என்றான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வெறும் வயிற்றிலிருந்து எதையோ வாந்தி எடுத்தான். நான் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். போகிற வழியில் ஒண்ணுக்கு இருந்தவன், "அண்ணே, என்னண்ணே இது?" என்றான். ரத்தம் கலந்த கடுங்காப்பி மாதிரி இருந்தது. காலையில் கண்ணும் நகமும் மஞ்சள்.

பெரியாஸ்பத்திரியில் காமாலை என்றார்கள். பேச்சி கீழாநெல்லியைப் பால் விட்டு அரைத்துக் கொடுத்தாள். உள்ளே இறங்கவில்லை. அவளுக்கு அப்போதும் விரதத்தை முடிக்காமல் விட்டதுதான் கவலை. "குன்றத்துக்குப் போக முடியலையே" என்று அவன் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் முடியும் முன்னே பாண்டி செத்துப்போனான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு ஆறாதது. பாண்டி படுக்கையில் விழுந்த மறுநாள் காலை அவர் கொட்டகைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாக்குப் படுதாவை எல்லாம் அவிழ்க்கச் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது. சாம்பல் நனையுமே என்று ஒருத்தன் கேட்டான். "நனையட்டும். காத்து வரணும்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அந்தக் குருணைக் கசடையும் தொட்டியில் போட வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார். அதற்கும் காரணம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்துகொண்டுதான் சாவு வீட்டுக்கு வந்தார். வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். கொட்டகையில் அவர் சத்தம்போட்டுச் சொன்னது பட்டறை ஆட்கள் வாய் வழியாக அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. பிணத்தை எடுக்கும் முன் ஒருத்தி, பேச்சியின் காதில் விழும்படியே சொன்னாள்: "சஷ்டியில பூண்டத் தின்னானாம்ல. முருகன் சும்மா விடுவானா?" நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. பேச்சி அழுகையை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியைப் பார்த்தாள். அங்கே நின்றவர் காதிலும் அது விழுந்தது. ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை. அதற்குக் காசு பணம் வேண்டாம், படிப்பு வேண்டாம். அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

செத்தவன் மேல் பழி. அதுவும் சாமிக்குத் துரோகம் செய்தான் என்கிற பழி. ‘குழந்தைக்காக விரதம் இருந்து, நாக்கை அடக்க முடியாமல் தானே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டான்’ என்று ஊர் பேசியது. பேச்சிக்குப் புருஷன் போன துக்கத்தைவிட இது பெரிதாகிவிட்டது. தண்ணீர்க் குழாயில் பெண்கள் அவளைப் பார்த்து ஒதுங்கினார்கள்.

பசுமலைப் பள்ளிக்கூடத்தில் நான் பெஞ்சு செய்து கொடுத்த பழக்கத்தில் அங்கே சயின்ஸ் வாத்தியார் ஒருவரைத் தெரியும். போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். கொதிக்கிற தொட்டி, மஞ்சள் திராவகம், வாசம், கடுங்காப்பி மாதிரி ஒண்ணுக்கு. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அழுக்குத் திராவகத்துல பாஷாணம் இருக்கும்ப்பா, ஆர்சனிக்னு. அது நாகத்து மேல பட்டா ஒரு விஷவாயு கிளம்பும். மோந்தா பூண்டு மாதிரி இருக்கும். ரத்தத்தையே கரைச்சிடும்." பிறகு சொன்னார், "காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்ச எவனுக்கும் இது தெரியும். அந்த வாசம் வந்தா ஜன்னலைத் திறந்துட்டு ஓடுன்னு சொல்லித்தான் விடுவாங்க."

திரும்பி நடந்தே வந்தேன். பைக்காரா ரோடு முழுக்க வாய்விட்டுத் திட்டிக்கொண்டு வந்தேன். தூரத்துப் பச்சைப் புகையைப் பிடித்த மூக்கு, இதையும் எங்களுக்கெல்லாம் முந்திப் பிடித்துத்தான் இருந்தது. பிடித்ததைக் கொண்டுபோய் எங்கள் சமையலில் ஒட்டிவிட்டார். படித்த புஸ்தகம் ஞாபகத்துக்கு வருவதற்குள் எங்கள் வாய் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பூண்டை வாழ்நாளில் கையில் எடுத்துப் பார்த்திராத மனிதர். தூரத்திலிருந்து சுளித்த வாசம்தான் அவருக்குத் தெரிந்த பூண்டு.

பேச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப எங்க ஆளு விரதத்த முறிக்கலைன்னு அவருக்கு நல்லாத் தெரியுமாண்ணே?"

"தெரியும்த்தா."

கருமாதி முடிந்த மறுநாள் காலை அவள் கொட்டகை வாசலுக்கு வந்தாள். ஊதுகிற சட்டம் அப்போதும் நடந்துகொண்டிருந்தது, இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினார் என்று கேள்வி வருமே. அவர் எப்போதும்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நாங்கள் வரிசையில் நின்றோம். பேச்சியும் வரிசையில் நின்றாள். நெற்றியில் பொட்டில்லை. தனக்கு முன்னால் நின்ற ராக்கம்மா ஊதிவிட்டு நகர்ந்ததும், மடியிலிருந்து ஒரு பூண்டை எடுத்தாள். அவர் கண்ணெதிரே பல்லை உரித்தாள். ஒன்று, இன்னொன்று. வாயில் போட்டுக் கடித்தாள். கடிபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கிட்டே போய் அவர் முகத்துக்கு நேரே ஊதினாள்.

அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"துணிய எடுக்காதீங்கய்யா. நல்லா மோந்து பாருங்க. இதுதான் பூண்டு. அன்னைக்கு எங்க ஆளு ரெண்டு தரம் ஊதுனாருல்ல, இந்த வாசமா வந்துச்சு?"

அவர் பின்வாங்கவில்லை. அந்த மூக்கு விரிந்து சுருங்கியதைப் பார்த்தேன். முதல் தடவையாக அவ்வளவு கிட்டத்தில் மோந்து பார்க்கிறார். இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கும்.

"இல்லை" என்றார், உதடு மட்டும் அசைய.

"எனக்குக் கேட்டாப் போதாதுங்கய்யா. சாமிகுத்தம்னு பழி போட்டு அனுப்புனீங்களே, அது ஊருக்கே கேட்டுச்சு. இதுவும் கேக்கணும்."

அவர் எங்களைப் பார்த்தார். பட்டறை ஆட்களும் நாலைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாண்டி பூண்டு திங்கலை" என்றார். பேச்சி நகரவில்லை. குரலை உயர்த்தினார். "பாண்டி விரதத்தை முறிக்கலை. நான் சொன்னது தப்பு."

பேச்சி வாயில் இருந்ததைத் துப்பவில்லை. மென்று விழுங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அவரும் பிழைத்தோம் என்று நினைத்திருப்பார், தோள் கொஞ்சம் தளர்ந்தது. அப்போதுதான் ராக்கம்மா, கேலியே இல்லாத குரலில், இடுப்பில் துணிக்கூடையோடு கேட்டாள்:

"அப்ப அந்த வாசம் எங்கிருந்துங்கய்யா வந்துச்சு?"

மழை விட்டிருந்தது. திறந்து கிடந்த கொட்டகைக்குள் தொட்டி எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பாண்டியின் துடுப்பு அதில் சாய்ந்திருந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அங்கே அப்போது ஒரு வாசமும் இல்லை. எங்களைத் தாண்டிப் போய் சைக்கிளை எடுத்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ மில்லில் சேர்ந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அதற்குமேல் விசாரிக்கவில்லை.

அவர் சைக்கிள் தெருவைத் தாண்டியதும் ராக்கம்மா கூடையை வாசலிலேயே இறக்கி வைத்தாள். அன்றைக்கு எங்களில் ஒருவரும் உள்ளே போகவில்லை.